எடையில் சேராதது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருந்தால் எனக்கு அதுவே போதும். தந்தி வந்ததிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். நல்ல கூத்து! பால் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பாயா? முதலில் சாப்பிடு, பிறகு இதைப் படி.

"அப்பா என் மேல கோவத்தோடயே போய்ட்டாராம்மா" என்று கேட்டிருக்கிறாய். சைக்கிள் கடை வைத்திருந்த மனுஷன் மூங்கிலிலும் துணியிலும் விமானம் கட்டி ஆகாயத்தில் ஏறுகிறேன் என்றால் யார்தான் தடுக்க மாட்டார்கள்? முதல் தடவை பறந்து பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் இறங்கியபோது தெருவே சிரித்தது. அடுத்த தடவை காலை ஒடித்துக்கொண்டபோதுதான் "நீங்க விழுந்து சாகறத நான் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நீ உன் ஊருக்குக் கிளம்பினாய், அவரும் வாசல்வரை வரவில்லை. அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே பிடிவாதம், நடுவில் இறக்கைத் துணி தைத்து விரல் புண்ணானது நான்.

நீ பின்னி அனுப்பிய மப்ளரை அவர் பிரித்தே பார்க்கவில்லை என்று எழுதியிருந்தேனே, அது தப்பு. பட்டறையில் தன் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்திருக்கிறார், எனக்கே தெரியாது. பறக்கிற நாளில் அவருக்கு எடைப் பைத்தியம் பிடிக்கும், நீ அறியாததா? இஞ்சினுக்கு ஓர் ஆணிகூட அதிகம் என்பார். அன்றும் செருப்பு, கடிகாரம், மோதிரம் எல்லாம் கழற்றி என் மடியில் கொட்டினார். பிறகு அந்த மப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றினார். கூட வேலை செய்கிற தச்சர், "அண்ணே, அதுவும் எடைதானே, கழட்டுங்க" என்றார். உடனே பிடித்தாரே ஒரு சத்தம்! "வேணும்னா மீசைய எடுத்துடறேன்யா, இத எடுக்க மாட்டேன். எம்பொண்ணு பின்னுனது எடையில சேராது" என்றார். மைதானத்தை ஒரு சுற்று வந்தார், எல்லோரும் கைதட்டினோம். அப்புறம் மேலேயே இஞ்சின் நின்றுவிட்டது. தச்சர் பிரித்துப் பார்த்துவிட்டார், பெட்ரோல் குழாய் அதிர்வில் பிளந்திருக்கிறது. மப்ளரால்தான் என்று நினைத்து நீ அழாதே.

கடைசியில் குளிப்பாட்டியவர்கள் மப்ளரைக் கழற்றட்டுமா என்று கேட்டார்கள். கழுத்தோடு போகட்டும் என்று சொல்லிவிட்டேன். செருப்பும் கடிகாரமும் மோதிரமும் ஜன்னலில் இருக்கின்றன. இறங்கி வந்ததும் கேட்பாரே என்று கை தானாகத் துடைத்து வைக்கிறது. தாங்க முடியவில்லையடி.

நீங்கள் மூவரும் தரையிலேயே நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. மப்ளர் பின்னிய நூலில் மிச்சம் இருந்தால், மறக்காமல் ஒரு துண்டு அனுப்பு. ஜன்னலில் அது ஒன்றுதான் இல்லை.

உன் அம்மா