ஒரே ஒரு ரிங்

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்றும் மில்லில் ஸ்பின்னிங் ஹாலில் ஈரப்பதம் இறங்கிவிட்டது. நூல் அறுந்து தள்ளுகிறது. தண்ணீர் தெளிக்கிற நாசில்களில் பாதி உப்படைத்துக் கிடக்கின்றன. தண்ணீரை மாற்றச் சொல்லி எத்தனை முறைதான் சொல்வது? சூப்பர்வைசர் லிங்கேஸ்வரன், "தம்பி, நீரு இஞ்சினியரா, டாக்டரா? சீட்டு எழுதிக் குடும், மருந்து வாங்கிருவோம்" என்கிறார். சிரிக்கவில்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு ஊசியால் நாசில் அடைப்பைக் குத்திக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர். அஸ்ஃபியா அக்காவின் மாமியார் வீடு. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போன் ஒரு ரிங் அடித்து நின்றது. அவள் எடுக்கவில்லை. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். "இறங்கியாச்சு" என்றாள்.

ஷமீர் மச்சானுக்குக் கொச்சியில் மீட்பு ஹெலிகாப்டரில் வேலை. கயிற்றில் தொங்கிக் கடலுக்குள் இறங்கி ஆளைத் தூக்குகிறவர். ஒவ்வொரு முறை தரைக்குத் திரும்பியதும் ஒரு ரிங். கல்யாணமானதிலிருந்து இப்படித்தான்.

"வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டா என்ன? கற்காலமா இது?"

"போலே. உனக்கு ஒருத்தி வருவா, அப்பத் தெரியும்."

செப்டம்பர் 3, புதன்

அக்காவின் மாமனார் சேக் முகைதீன் மாமா போன் செய்தார். மச்சான் போன ஹெலிகாப்டர் கடலில் விழுந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

நாலு பேர் போயிருக்கிறார்கள், ஒரு கப்பலில் நோய்வாய்ப்பட்ட மாலுமியைத் தூக்கி வர. ஒருவரை உயிரோடு எடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் உடலாகக் கிடைத்தார்கள். மச்சானைக் காணவில்லை. கப்பல்களும் விமானமும் தேடுகின்றன.

விழுந்தது பிற்பகலில், அஸர் தொழுகைக்கு முன்னால். ஆனால் நேற்று அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு அக்கா மகள் சனாவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது போன் ஒரு ரிங் அடித்து நின்றிருக்கிறது. மச்சானின் நம்பர். வழக்கம்போல எடுக்கவில்லை. "அத்தா இறங்கிட்டாரு" என்று சனாவுக்கு ஊட்டியிருக்கிறாள். அதற்கப்புறம்தான் மாமாவுக்குக் கொச்சித் தளத்திலிருந்து தகவல்.

எடுத்திருந்தால்? அந்த நம்பர் அடித்தால் எடுக்கக் கூடாது என்பது இந்த வீட்டில் சட்டம். திருப்பி அடித்துப் பார்த்தோம். சுவிட்ச் ஆஃப். மாஜிதா மாமி அந்த ஒரு ரிங்கைப் பிடித்துக்கொண்டுவிட்டார். "விழுந்ததுக்குப் பொறவுதான அடிச்சிருக்கான்? எங்கனயோ கரையேறிட்டாம்லே எம் புள்ள."

நடுக்கடலில் டவர் ஏது மாமி? கேட்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

லீவு போட்டாயிற்று. லேப்டாப்பில் கடல் நீரோட்டம், காற்றின் திசை எல்லாம் எடுத்து, மிதக்கிற ஆள் எங்கே போயிருப்பார் என்று கோடு வரைந்தேன். தென்கிழக்கு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் பரவப் பரவ வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது.

மாமா பின்னால் வந்து நின்றார். "எம்புட்டு நேரம்லே தாங்குவான்?"

"லைஃப் ஜாக்கெட் இருந்தா ரெண்டு நாள். இல்லன்னா கணக்கே இல்ல மாமா."

மாமி அடுப்படியிலிருந்து வந்தார். "வாயக் கழுவிட்டு வாலே. கடைக்காரன்கூட இப்படி வெடுக்குனு சொல்ல மாட்டான்."

கேட்டார், சொன்னேன். கேட்டால் வேறு என்ன சொல்ல?

செப்டம்பர் 7, ஞாயிறு

கனவு. எங்கள் ஸ்பின்னிங் ஹால்தான், ஆனால் கூரை இல்லை. தெளிக்கிற பனிமூட்டம் மேலே போய் மேகமாகிறது. தரையெல்லாம் பஞ்சு நுரை, முட்டளவு. மெஷின்கள் சத்தமில்லாமல் ஓடுகின்றன. மேகத்துக்குள்ளிருந்து ஆரஞ்சு உடுப்பில் மச்சான் இறங்குகிறார், ஒற்றை நூலில். நாற்பதாம் நம்பர் நூல். நான் கத்துகிறேன்: கால் கிலோ தாங்கினாலே அதிகம் மச்சான், மேல போங்க! அவர் அவசரமே இல்லாமல் அறுந்த நூல்களை ஒவ்வொன்றாக முறுக்கி ஒட்டிக்கொண்டே வருகிறார். நுரைக்குள் கால் பட்டதும் என்னைப் பார்த்து, "உனக்கு இன்னும் நீச்சல் வராதுல்ல?" என்றார்.

வராது. வன்னியம்பட்டி கிணற்றில் இவர் கற்றுக்கொடுக்கிறேன் என்று இழுத்துப் போனபோது, மோட்டார் பைப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வர மறுத்தவன் நான்.

விழித்த பிறகும் கொஞ்ச நேரம் கட்டில் அசைந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

மில்லுக்குப் போனேன். மேற்கே மலை முழுக்க மேகம் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் சரிந்து போனால் அந்தக் கடல்தான். அங்கிருந்து கிளம்புகிற காற்று தண்ணீரை மலையிலேயே கொட்டிவிட்டு வறண்டு இங்கே வருகிறது. எங்கள் ஃபேன் அதை உள்ளே இழுக்கிறது. அதில் மறுபடியும் தண்ணீர் ஏற்றுவது என் வேலை.

இன்று ஃபேன் அறையில் நிற்கும்போது முகத்தில் அடித்த காற்றை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். உப்பு. நாசில் தண்ணீரின் உப்புதான், தெரியும். ஆனாலும் நின்றுகொண்டே இருந்தேன். லிங்கேஸ்வரன் வந்து பார்த்துவிட்டு, எதுவும் கேலி பேசாமல், தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அது இன்னும் மோசம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றும் எதுவும் இல்லை.

செப்டம்பர் 10, புதன்

மச்சானின் கூட்டாளி சாம்சன் நம்பர் கிடைத்தது. தூத்துக்குடிக்காரர், அதே தளத்தில் வேலை. நேராகக் கேட்டேன்: அன்று அந்த நம்பரிலிருந்து அடித்தது யார்?

"நாந்தான் தம்பி" என்றார். பறக்கும்போது போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போவார்களாம். வீட்டு நம்பர் தேடி அதை எடுத்திருக்கிறார். "எனக்கு அவன் போன் லாக் பேட்டர்ன் தெரியும். அடிச்சேன். யாரும் எடுக்கல. எடுத்தா என்ன சொல்றதுன்னும் தெரியல. கட் பண்ணிட்டேன். பொறவு அவன் சாமானையெல்லாம் சீல் வச்சுட்டாங்க."

அவ்வளவுதான். அந்த வீடு இத்தனை நாளாகத் தொங்கிக்கொண்டிருக்கிற நூல் இதுதான். இப்போது கத்தரி என் கையில்.

சொல்லாமல் இருக்கலாமா? பொய் ஆகாதா? சொன்னால் என்ன மிச்சம் இருக்கும் அங்கே?

செப்டம்பர் 12, வெள்ளி

ஜும்மாவுக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கு வந்தார். அக்கா விதவைக்குரிய இத்தா இருக்க வேண்டுமா என்று மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். "மய்யித் கிடைக்கணும், இல்ல பார்த்தவங்க சாட்சி சொல்லணும். உறுதியாகாம நாம மௌத்துன்னு சொல்லிர முடியாது பாய்" என்றார். உள்ளேயிருந்து மாமி: "மௌத்துன்னு யாரு சொன்னா? எம் மவன் ரிங் விட்டிருக்கான்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவனாம். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். அக்கா சனாவின் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காற்றில் சின்னச் சின்னச் சட்டைகள் எல்லாம் ஒரே திசையில் நீந்தின.

"அக்கா, அந்த ரிங்..."

"தெரியும்லே."

"என்ன தெரியும்?"

"அவரு விட்டா ஒண்ணோட நிக்கும். அன்னிக்கி அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. சனா வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருந்தா. ஊட்டிட்டேன்."

"பொறவு எதுக்கு ஒரு ரிங்குன்னு சொன்ன?"

"மாமி கேட்டாவ. சொன்னேன். அன்னைக்கி ஒரு ராத்திரியாவது தூங்கட்டும்னுதான். பொறவு சொன்னதத் திருப்பி எடுக்க முடியல."

கிளிப்பைக் கடித்துக்கொண்டே பேசினாள். நான் அவளிடம் சொல்ல எடுத்து வந்த விளக்கம் — நேரம், டவர், லாக்கர் — எல்லாம் வாயிலேயே கிடந்தது.

"நீ ஒண்ணும் சொல்லிராத" என்றாள். "ஆளு கெடைக்கட்டும். நானே சொல்லுதேன்."

செப்டம்பர் 15, திங்கள்

தேடும் கப்பல்களைக் குறைத்துவிட்டார்களாம். என் வட்டம் இப்போது திரையை விட்டு வெளியே போய்விட்டது.

செப்டம்பர் 18, வியாழன்

திரும்பவும் கனவு. கோபுரத்தின் உச்சிவரை தண்ணீர். ஊர் முழுக்க அடியில் அமைதியாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் பால்கோவாக் கடைகளில் விளக்கு எரிகிறது. நான் நீந்துகிறேன். எப்படி என்று கேட்கவே தோன்றவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

கிடைத்துவிட்டார்.

கடலடியில் ஹெலிகாப்டரைக் கண்டுபிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். பின்கதவுப் பக்கம், உள்ளேயே இருந்திருக்கிறார். நான் வரைந்த ஒரு கோட்டிலும் அவர் இல்லை. ஒரு அடிகூட நகரவில்லை. விழுந்த இடத்திலேயே, எல்லாரும் மேலே தேடிக்கொண்டிருக்க.

அக்கா மாமியை அடுப்படிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. மாமியின் சத்தம் மட்டும் கேட்டது.

செப்டம்பர் 24, புதன்

மாமாவும் நானும் கொச்சி கிளம்புகிறோம். வாசலில் அக்கா கையைப் பிடித்தாள்.

"போனைக் குடுப்பாங்கள்ல?"

"குடுப்பாங்க."

"ஊருக்குள்ள வந்ததும் அதுலருந்து விடு. ஒண்ணே ஒண்ணு. இழுத்துராத."

என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்கிற ஆள்தான் நான். "சரிக்கா" என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

உடலை மாமாவின் ரத்தத்தோடு ஒத்துப்பார்த்து முடிக்க இரண்டு நாள் ஆனது. மரியாதையெல்லாம் செய்தார்கள். சாம்சன் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். "சார்ஜ் போட்டிருக்கேன் தம்பி." பேட்டர்னை என் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

புனலூர் தாண்டி மலை ஏறும்போது ஆம்புலன்ஸ் ஜன்னலில் மேகம் நுழைந்தது. முன்னால் பாதை தெரியவில்லை. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். பெட்டிமேல் மாமாவின் கை. கொஞ்ச நேரத்துக்கு எங்கள் வண்டி எதன்மேல் போகிறது என்றே தெரியவில்லை. அசைவு மட்டும் இருந்தது. செங்கோட்டையில் இறங்கியபோது வெயில். காற்று வறண்டிருந்தது.

ராஜபாளையம் வந்தது. எங்கள் மில் புகைபோக்கி போனது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தெருமுனை வந்ததும் போனை எடுத்தேன். மச்சான் அக்காவை 'வீடு' என்று பதிந்து வைத்திருக்கிறார். அழுத்தினேன். ஒரு ரிங். வெட்டினேன்.

அவள் எடுக்கவில்லை.

இறங்கியாச்சு.