எடித்தின் ஆந்தை

16 ஒக்ரோபர் 1994, ஞாயிறு

சந்தோசத்தில் நித்திரை வரவில்லை.

நேற்று எங்கள் பகுதி மல்வேர்ன் தேவாலயச் சந்தையில் வாங்கிய பழைய பறவைப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. மரத்தில் செதுக்கி அச்சடித்த ஆந்தை. கீழே 'எடித் மார்ஷ்வெல்லின் புத்தகம்' என்று இருந்தது. ஆந்தைக்கு ஒரு காதுதான். யார் இந்த எடித் என்று அதே யோசனையாக இருந்தது. இன்று பின்னேரம் ரெலிபோன் புத்தகத்தில் தேடினேன். அந்தப் பெயரில் ஒருவர்தான் இருந்தார்.

"உமக்கென்ன விசரே? தெரியாத ஆக்களுக்குப் போன் எடுக்கிறீர்!" என்றார் என் கணவர்.

"விருப்பமில்லாட்டி அவ வைச்சிடுவா."

என் ஆங்கிலம் தடுமாறியது. ஒற்றைக் காது ஆந்தை என்றதும் மறுமுனையில் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பதினாறு வயதில் தானே செதுக்கியதாம். கத்தி வழுக்கி மற்றக் காது போய்விட்டதாம். வீட்டை விற்றபோது புத்தகங்களும் போய்விட்டன. ஒரு சீட்டுக்கூட மிஞ்சவில்லையாம். புத்தகத்தை நீயே வைத்துக்கொள், ஆந்தையை மட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்.

"எங்கை இருக்கிறாவாம்?" என்று இவர் கேட்டார்.

"எற்றோபிக்கோவிலை, நகரத்தின்ரை மற்றப் பக்கம்."

"சனிக்கிழமை காரிலை கூட்டிக்கொண்டு போறன். உந்த ஆந்தையை எனக்கும் ஒருக்காக் காட்டும்."

சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.