இணைச்சீருக்கு நிற்க வேண்டியவள்

புதுச்சத்திரம்,
3.11.2025

மோகனூர் சம்பந்தி திரு. பூபதி அவர்களுக்கு, குமரகுரு வணக்கத்துடன் எழுதுவது. நலம் விசாரிப்பது பிறகு ஆகட்டும். என் மனக்குறைகளைத் தேதிவாரியாக முதலில் வைக்கிறேன்.

1. 5.10.2025: தங்கள் மகன் தமிழரசுவின் நிச்சயதார்த்தம். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அருகே உடன்பிறந்தவள் நின்று செய்யும் இணைச்சீருக்குத் தங்கள் தம்பி மகள் பிரீத்தியின் பெயரைச் சபையில் சொன்னீர்கள். தங்கள் ஒரே மகளும் என் மருமகளுமான தனப்பிரியா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

2. 20.10.2025: தீபாவளி வாழ்த்துச் சொல்ல என் மகன் இனியனை அழைத்தவர், காரணத்தையும் அவனிடமே சொன்னீர்கள். "மூணு தடவ கரு தங்காமப் போச்சுங்களே மாப்ள, நல்ல காரியத்துல சனம் ஒண்ணு பேசுமுங்க" என்றீர்களாம். அவளிடம் சொல்லத் தங்களுக்கு வாய் வரவில்லை.

3. 26.10.2025: நாமக்கல்லில் ஒரு புதுமனை புகுவிழாவில், ஆராய்ச்சி வேலையில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று உறவினர்களிடம் சொன்னீர்கள். இது பொய். தம்பிக்குப் பெண் அமைவதற்கு முன்பே அவன் கல்யாணத்துக்கென்று விடுப்பைச் சேர்த்து வைத்தவள் அவள்.

இந்த மூன்றையும் கேட்டுவிட்டு அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "உடுங்க மாமா. பிரீத்தியே நிக்கட்டும். அப்பா சங்கடப்படுவாரு." அவள் விட்டுவிடலாம். நான் விடுவதாக இல்லை.

பெங்களூரில் தங்கள் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று தங்களுக்குத் தெரியுமா? 'ஏதோ ரத்தப் பரிசோதனை' என்று தாங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஜூன் மாதம் அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன். நான் கால்நடை மருத்துவன். கோழிப் பண்ணைகளில் தடுப்பூசி போட்டே காலம் கழித்தவன். நோய் எதிர்ப்பு அணுக்கள் என்றால் எதிரியை அழிப்பவை என்பதே என் படிப்பு. அவள் நுண்ணோக்கியில் ஓர் அணுவைக் காட்டினாள்.

"இதுக்குப் பேரு கொல்லி அணுங்க மாமா. ஆனா கருப்பையில இதோட வேலையே வேறங்க. ரத்தக் குழாய அகலப்படுத்தி, புள்ளைக்குத் தீனி போக வழி பண்ணுது. பாவம், பேர வெச்சவங்கதான் அவசரப்பட்டுட்டாங்க" என்று சிரித்தாள்.

பாதி தந்தையின் கூறுகளைக் கொண்ட கருவைத் தாயின் உடல் ஏன் அந்நியமென்று தள்ளிவிடுவதில்லை, சில சமயம் எங்கே பிசகுகிறது என்பதே அவளுடைய கேள்வி. விடை இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்ல அவள் கூசுவதில்லை. 'உறுதியான சிகிச்சை' என்று விளம்பரம் செய்பவர்களின் முன்னால் இந்த நேர்மை எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அன்று நாமகிரிப்பேட்டையிலிருந்து மாரக்காள் என்ற பெண் வந்திருந்தார். நான்கு கருக்களை இழந்தவர், ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க வந்தவர். தனப்பிரியாவின் வாயில் நம் ஊர்ப்பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. "என்ற மேல என்னங்க தப்பு?" என்று கேட்டார். தங்கள் மகள் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்கக்கா. ஏன் தங்கலைன்னு கண்டுபுடிக்காம இருக்கறது நாங்கதான். தப்புன்னா அது எங்க மேல" என்றாள்.

மூன்றாம் முறை தனக்கே இழப்பு நேர்ந்தபோது, அந்தக் கருவின் திசுவையும் அவள் ஆய்வுக்குக் கொடுத்திருக்கிறாள். தன் ஆசை ஆய்வு முடிவில் கலந்துவிடக் கூடாதென்று, அதைத் தான் பார்க்காமல் வேறொருவரிடம் ஒப்படைத்திருக்கிறாள். இதை இனியன் சொல்லித்தான் அறிந்தேன்.

இப்படிப்பட்டவளின் கை பட்டால் தமிழரசுவுக்கு ஆகாது என்கிறீர்கள். ஊர்ப் பெண்களின் தலையிலிருந்து அவள் இறக்கி வைக்கும் பழியை, பெற்ற தாங்களே எடுத்து அவள் தலையில் வைக்கிறீர்கள். குழந்தை எப்போது என்று என் வீட்டில் யாரும் அவளைக் கேட்டதில்லை; கேட்கப் போவதும் இல்லை.

கல்யாணத்துக்கு வரமாட்டோம் என்று மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. குடும்பத்தோடு வருவோம். அவளை நிற்க வைக்காவிட்டால் மண்டபத்தில் அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்த மூன்று தேதிகளையும் உரக்கச் சொல்வேன்.

14.11.2025 வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் வேண்டும். போன் வேண்டாம், இனியன் வழியாகவும் வேண்டாம். எனக்கும் எழுத வேண்டியதில்லை. உறையின் மேல் தனப்பிரியாவின் பெயர் இருக்கட்டும். உள்ளே, "தம்பிக்குச் சீர் செய்ய வா சாமி" என்று தங்கள் கைப்பட ஒரு வரி போதும். மணமக்கள் நீடு வாழட்டும். ஆனால் அவன் அருகில் நிற்க வேண்டியவளைத் தாங்கள்தான் அழைக்க வேண்டும். நான் எவ்வளவு கூப்பிட்டாலும், அவள் காத்திருப்பது என் குரலுக்கு அல்ல.

இப்படிக்கு,
தங்கள் மகளின் மாமனார்,
குமரகுரு