மாடிப் பின்னறையில் குடியிருந்தவர்

மார்ச் 3

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விலாசத்தைத் தரமாட்டோம், கடிதத்தை வேண்டுமானால் அனுப்பிவைக்கிறோம் என்று ஆஸ்பத்திரி பென்ஷன் பிரிவில் சொன்னார்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் பூட்டு ரிப்பேர் செய்கிறவள். கடைவீதி முனையில் இருக்கும் பழைய மூன்று மாடி வீட்டில், உச்சிமாடிப் பின்னறையில் மாமியாரோடு குடியிருக்கிறேன். கணவர் காலமாகிவிட்டார். வீட்டுக்காரரும் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். அவர் மகன் இப்போது கட்டடத்தை இடிக்கப் பார்க்கிறார். முப்பது வருஷம் ஆள் குடியிருந்த இடத்தைக் காலி செய்ய இங்கே சட்டம் விடாது. அதனால், 'மேல்மாடி என்றைக்கும் சாமான் போடுகிற இடம்தான், இவர்கள் நடுவில் வந்து புகுந்தவர்கள்' என்று வாடகைக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நாங்கள் வந்து இருபத்தாறு வருஷம்தான் ஆகிறது. மேல்மாடிக்காரர்களுக்கு ரசீது கொடுக்கிற வழக்கமே இல்லை. எங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர் யார் என்று இரண்டு மாதமாகத் தேடுகிறேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சொன்னார்: "மேல பின்னறையில ஒரு அம்மா கைக்குழந்தையோட இருந்தாங்க. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல வேலை. தபால் கொண்டு போனா கதவை ஒரு சாண்தான் திறப்பாங்க."

அது நீங்கள்தானா அம்மா? ஆமென்றால், கோர்ட்டில் வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?

இப்படிக்கு,
பூட்டுக்காரி


மார்ச் 14

அம்மணி,

ஆள் மாறி எழுதிவிட்டீர்கள். அந்த வீட்டை நான் கண்ணால் பார்த்ததும் இல்லை, அந்த நாற்பத்திரண்டு படிகளை ஏறியதும் இல்லை. இனி எழுத வேண்டாம். எனக்கு வரும் கடிதங்களை என் மகனும் பிரிப்பது உண்டு.

இப்படிக்கு,
சலவைப் பிரிவின் முன்னாள் மேற்பார்வையாளர்


மார்ச் 22

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பென்ஷன் பிரிவின் உறையிலேயே வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மகன் பிரிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

படி எத்தனை என்று நான் எழுதவே இல்லையே அம்மா! கடிதத்தைப் படித்ததும் வெளியே போய் எண்ணினேன். நாற்பத்திரண்டேதான். இத்தனை வருஷம் ஏறி இறங்கும் எனக்குத் தெரியாது. மாமியாரிடம் சொன்னேன். "இடுப்புல புள்ளையும் கையில வாளியுமா ஏறினவளுக்குத்தான்டி படியை எண்ணத் தோணும்" என்றார்.

எங்கள் கதவின் உள்பக்கம் மூன்று தாழ்ப்பாள்கள் இருக்கின்றன. தொழில் தெரிந்தவர் போட்டவை இல்லை. ஒன்றுக்கொன்று ஜோடி இல்லை, திருகாணி எல்லாம் கோணல். சாமான் அறைக்குப் பூட்டு வெளியே தொங்கும். மூட்டையா எழுந்து வந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும்?

அவற்றைப் போட்டவர் எதற்குப் பயந்தாரோ, அது எனக்கு வேண்டாம். வர மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் அங்கே நீங்கள் இருக்கவே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். வீட்டுக்காரர் மகனும் அதையேதான் சொல்கிறார்.

பூட்டுக்காரி


ஏப்ரல் 6

பூட்டுக்காரிக்கு,

வாயைக் கொடுத்து நானே மாட்டிக்கொண்டேன். இனி உறையின் பின்னால் எழுதியிருக்கும் விலாசத்துக்கு எழுது. என் தோழி வீடு. என்னோடு வேலை பார்த்த நர்ஸ், வாய் திறக்காதவள்.

அந்தத் தாழ்ப்பாள்களை நான்தான் போட்டேன். கீழே அச்சகத்தில் ஸ்குரூ டிரைவர் இரவல் வாங்கிப் போட்டேன். கட்டியவர் கை நீட்டி அடிப்பவர். என்னோடு நிற்கும்வரை பொறுத்தேன். ஒருநாள் அந்தக் கை குழந்தையின் பக்கம் திரும்பியது. அன்றைக்கே பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். இரண்டு முறை தேடி வந்து கதவை உதைத்தார். இரண்டாவது முறை நடுமாடிக் குடித்தனக்காரர்கள் எல்லாரும் வந்து படிகளில் உட்கார்ந்துகொண்டார்கள். அவரைத் தொடவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை, நகரவும் இல்லை. அவர்களைத் தாண்டித் தாண்டி இறங்கிப் போனவர்தான், பிறகு வரவில்லை. ஐந்து வருஷம் அங்கே இருந்தேன். அப்புறம் ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் இடம் கிடைத்தது.

மகனிடம், அப்பா விபத்தில் இறந்துவிட்டார் என்று சொல்லி வளர்த்தேன். "நிறைய படி இருந்த வீடு எதும்மா?" என்று கேட்பான். மாமா வீடு என்பேன். எனக்குக் கூடப்பிறந்தவர்களே கிடையாது. அந்த மனிதர் போன வருஷம் சாகும்வரை வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு நன்றாகத்தான் இருந்தார். அப்பா இறந்த நாள் என்று நான் சொன்ன தேதியில் என் மகன் வருஷா வருஷம் வேலைக்குப் போவதில்லை. உட்கார்ந்து அழுவான். அந்தத் தேதியைக் காலண்டரைப் பார்த்து நானே பொறுக்கியெடுத்தேன்.

இப்போது அவன் பெரிய அலுவலகத்தில் அதிகாரி. மருமகள் வீட்டார் கௌரவம் பார்ப்பவர்கள். நான் கோர்ட்டில் அந்த அறையைப் பற்றி வாய் திறந்தால், செத்தவர் எழுந்து வருவார். எப்படி வருவேன், சொல்.

உன் மாமியாரை விசாரித்ததாகச் சொல்.


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இனிமேல் அக்கா என்றே கூப்பிடுகிறேன்.

நீங்கள் வர வேண்டாம். சாட்சிப் பட்டியலிலிருந்து உங்களை எடுத்துவிட்டேன். உங்கள் கடிதத்தையும் கிழித்துவிட்டேன், மாமியாருக்குப் படித்துக் காட்டிய பிறகு. அவர் ரொம்ப நேரம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல்மாடிகளுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். கீழே இருந்து ஆளுக்கு ஆறு வாளி சுமக்கிறோம். வீட்டுக்காரர் மகனின் வக்கீல் நேற்று வந்து சுற்றிப் பார்த்தார். என் காதுபடவே சொன்னார்: "விடுங்க சார், இதுங்க எல்லாம் முகவரியே இல்லாத ஜனங்க." நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். கையில் இருந்திருந்தால் கேஸ் இரண்டாகியிருக்கும்.

மே ஒன்பதாம் தேதி விசாரணை. தோற்றாலும் நாங்களாக இறங்க மாட்டோம். தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். மாமியாரைத் தூக்கவே நாலு பேர் வேண்டும். ஆள் கூட்டி வரட்டும்.

உங்கள் தங்கை


மே 2

அன்புத் தங்கைக்கு,

முகவரி இல்லாத ஜனங்கள். இந்தச் சொல்லை ஒரு வாரமாக மென்றுகொண்டிருந்தேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

முதலில் சிரித்தான். பிறகு, "அப்போ நான் வருஷா வருஷம் யாருக்காகம்மா அழுதேன்?" என்றான். உடனே அடுத்ததைக் கேட்டான்.

"போன வருஷம் வரைக்கும் இருந்தாரா? ஒரு தடவை போய்ப் பார்த்திருப்பேனே!"

"பார்த்திடுவியேன்னுதான்டா சொல்லல."

கோர்ட்டுக்குப் போகிறேன் என்றதும் எழுந்துவிட்டான். "யாரோ பூட்டு ரிப்பேர் பண்றவளுக்காக எங்க மானத்தை வாங்கப் போறீங்களா? மாமனார் வீட்டுல நான் என்ன சொல்றது?"

"உங்க அம்மா அடி தாங்காம ஓடிவந்தவன்னு சொல்லு."

"போனா திரும்பி இந்த வீட்டுக்கு வராதீங்க."

மருமகள் அழுதாள். நான் மாற்றுத்துணியை எடுத்துப் பையில் வைத்தேன். அன்றைக்குப் பின்வாசல் வழியாக ஓடினேன். இந்த முறை முன்வாசல் வழியாக, பட்டப்பகலில், அக்கம்பக்கத்தில் எல்லாரும் பார்க்க நடந்து வந்தேன். இப்போது தோழி வீட்டில் இருக்கிறேன்.

பயமில்லை என்று நினைக்காதே. பயந்துகொண்டேதான் வருகிறேன். ஒன்பதாம் தேதி காலை கோர்ட்டு வாசலில் நில். உன்னை எனக்கு அடையாளம் தெரியாது. கையில் துணிப்பையோடு வருவேன், நீதான் கூப்பிட வேண்டும்.

அக்கா


ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று தீர்ப்பு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம்! மேல்மாடி குடியிருப்புத்தான் என்று எழுதிவிட்டார்கள். வீட்டுக்காரர் மகன் மேல்கோர்ட்டுக்குப் போவாராம். போகட்டும், எங்களுக்கும் கால் இருக்கிறது. தண்ணீர் காலையிலேயே வந்துவிட்டது.

அன்றைக்கு அந்த வக்கீல், "ஒளிஞ்சிருந்ததைக் குடியிருந்ததா எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார். நீங்கள் கூண்டைப் பிடித்துக்கொண்டு, "ஒளிஞ்சிருந்தவ வீட்டுலயும் அடுப்பு எரிஞ்சுதுங்க. அஞ்சு வருஷம் சமைச்சேன், துவைச்சேன், புள்ள வளர்த்தேன். அதுக்கு உங்க ஊர்ல வேற என்ன பேரு?" என்றீர்கள். எங்கள் மாடியில் இப்போது எல்லார் வாயிலும் இந்தப் பேச்சுதான்.

இன்னொரு விஷயம். போன ஞாயிறு உங்கள் மகன் வந்தார். யார் என்று சொல்லவில்லை. மூக்கைப் பார்த்தே தெரிந்துவிட்டது. நேராக ஜன்னலடிக்குப் போய் நின்றார். "இங்கதான் அம்மா என்னைக் குளிப்பாட்டுவாங்க" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "எங்க குடும்பத்தைக் கலைச்சிட்டீங்க" என்றார். "ஆமாங்க" என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை அக்கா. கேட்டால் நீங்கள் செய்தது தப்பென்று ஆகிவிடும். இதற்காக என்னை நீங்கள் திட்டுவதானால் திட்டுங்கள்.

உங்கள் தங்கை


ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

திட்டவில்லை. நான் சொல்ல வேண்டியதையே சொல்லியிருக்கிறாய்.

உன்னைப் பார்த்துவிட்டு அவன் நேரே தோழி வீட்டுக்குத்தான் வந்தான். "வீட்டுக்கு வாங்கம்மா. ஒண்ணே ஒண்ணு மட்டும். அந்த ஏழைங்க மேல பாவப்பட்டு அப்படிச் சொல்லிட்டேன்னு மாமனார்கிட்ட சொல்லிடுங்க, போதும்" என்றான்.

"ஒரு பொய்யை முப்பது வருஷம் சுமந்தாச்சுடா. இன்னொண்ணு சுமக்க எனக்கு இடுப்புல தெம்பில்ல" என்றேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். மூன்று வாரம் எட்டிப் பார்க்கவில்லை. நானும் ஆள் அனுப்பவில்லை. தோழி தெருவிலேயே ஒரு தனி அறை பார்த்து வந்துவிட்டேன். பென்ஷன் புத்தகத்தில் விலாசத்தையும் மாற்றிவிட்டேன்.

நேற்று மத்தியானம் வந்தான். மாமனாரிடம் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம்.

"என்ன சொன்னாங்க?"

"நாலு நாளா பேசல. பேசாட்டிப் போறாங்க."

சாப்பிட்டான். தட்டை அவனே கழுவி வைத்தான். வீட்டுக்கு வா என்று இந்த முறை கூப்பிடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "அந்த ஆளு எப்படி இருப்பாரும்மா?"

"உன்ன மாதிரிதான், நல்ல உயரம். அழகா விசில் அடிப்பாரு" என்றேன். அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன்.

"நல்லதா மட்டும் பொறுக்கிச் சொல்லாதீங்க. எல்லாத்தையும் சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தேன், தங்கை. அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். நேற்று பாதிதான் சொல்ல முடிந்தது. இன்றைக்கும் வந்திருக்கிறான். இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா