முதுகில் பத்துக் கொட்டு

ஜனவரி 9

மேவ் தொட்டில் கட்டிலின் கிராதியைப் பிடித்து நின்றுகொண்டு கையை நீட்டினாள். "மம்மா, தூக்கு." குனிந்தேன். முழங்கை மடிந்துவிட்டது. அவள் கிராதிக்கு உள்ளே அழுதாள், நான் வெளியே தரையில் உட்கார்ந்து அழுதேன். என் கணவன் கோல்பி வந்து இருவரையும் தூக்கிவிட நாற்பது நிமிடம் ஆயிற்று. கிராதியைக் கழற்றிவிடலாம் என்கிறான். வேண்டாம். இரண்டு வயது நிறையாத என் குழந்தையை நான்தான் தூக்கி எடுக்க வேண்டும்.

ஜனவரி 13

ஏழாவது மருத்துவர். "லைம் கிருமி போயிடுச்சு. ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்ல. தூக்கம் வருதா? மனசு எப்படி இருக்கு?"

மனசுக்கு என்ன கேடு? முழங்கையைக் கேளுங்கள்.

முழங்காலுக்குப் பின்னால் எள்ளளவு உண்ணி கடித்து வந்த நோய். போன கோடைக்கு முந்தின கோடை. மாத்திரை எல்லாம் முடித்தாயிற்று. வலி மட்டும் முடியவில்லை.

ஜனவரி 14

டார்லீனைப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள். அவளுக்கும் லைம் நோய் இருந்தது. மூன்று வருடமாகத் தன் முதுகில் தேனீயைக் கொட்ட வைத்துக்கொள்கிறாள்.

"கம்பு ஊணிக்கிட்டு நடந்தவ நான். இப்ப நாப்பது குரங்குங்கள மேய்க்கிறேன். தேனீயாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. ஒவ்வொரு தடவையும் முதல்ல ஒரே ஒரு கொட்டு. அரை மணி நேரம் காத்திரு. மூச்சு சரியா இருந்தாத்தான் மீதி. நடுவுல நாள் விட்டுப்போச்சுன்னா மறுபடி ஒண்ணுலேர்ந்து. மூச்சு அடைச்சா உடனே குத்த அட்ரினலின் ஊசி கைக்கெட்டுற தூரத்துல. இதுல மட்டும் என்கிட்ட விளையாடாத."

கல்லூரியில் நான்கு வருடம் உயிரியல் படித்தவள் நான். இதற்கு ஆதாரம் இல்லை என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய?

ஜனவரி 17

குளிர்காலத்தில் இங்கே யாரும் கூட்டைத் திறப்பதில்லை. வெயில் ஊரிலிருந்து தேனீக்களை அஞ்சலில் வரவழைத்தேன். தபால்காரர் காலையிலேயே கூப்பிட்டார். "உன் பெட்டி கத்துதும்மா. வந்து எடுத்துட்டுப் போ, அது பக்கத்துல ஒருத்தரும் நிக்க மாட்டேங்கிறாங்க."

மேவ் மதியம் தூங்கும் நேரம்தான் எங்கள் நேரம். கோல்பி இடுக்கியால் ஒரு தேனீயைப் பிடித்தான். "அஞ்சு வருஷமா உனக்கு ஒரு பூ வாங்கித் தரல. நேரா தேனீக்கு வந்துட்டோம்."

ஒன்று. நெருப்புத் துளி. மூச்சு சரியாக இருந்தது.

ஜனவரி 22

நான்கு.

பிப்ரவரி 5

பத்து. முதுகெலும்பின் இரு பக்கமும் ஐந்தைந்து. கொடுக்குகளைப் பதினைந்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு எடுத்தான். "முள்ளம்பன்றி" என்று எனக்குப் பெயர் வைத்திருக்கிறான்.

பிப்ரவரி 8

தூக்கினேன். அவளைத் தூக்கினேன். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை. பதினோரு அடி.

தேனீயா, நல்ல தூக்கமா, அன்றைக்கு அடித்த வெயிலா? எனக்குக் கவலையில்லை.

பிப்ரவரி 12

பனிப்புயல். பெட்டி மூன்று நாள் எங்கோ வண்டியில் கிடந்து வந்தது. தபால்காரர் இந்த முறை கூப்பிடவில்லை, தானே கொண்டுவந்து கொடுத்தார். பெட்டிக்குள் சத்தம் இல்லை.

பிப்ரவரி 25

அடுத்த பெட்டியும் வரவில்லை. வலது முழங்கை. இப்போது இடதும். மேவ் என்னைப் பார்த்துக் கை நீட்டுவதில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் நீட்டுகிறாள்.

மார்ச் 3

மறுபடி ஒன்றிலிருந்து என்றால் பத்துக்கு வர இன்னும் மூன்று வாரம். அதுவரை அவள் என்னை மறந்துவிடுவாளா? இதென்ன கேள்வி. ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 8

இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது. புதன்கிழமை நடந்ததை எழுதிவிட வேண்டும்.

பெட்டி வந்தது. உயிரோடு. மேவ் தூங்கினாள். கோல்பி இரண்டு மணிக்குப் பனி வழிக்கும் வண்டி ஓட்டும் வேலைக்குப் போக வேண்டும்.

"முதல் கொட்டு வெச்சு அரை மணி காத்திருக்க நேரம் இல்லையே. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"காலையிலயே நானே வெச்சுட்டேன். ஒண்ணும் ஆகல."

"நிஜமா?"

"முட்டியில. பாரு."

காட்டினேன். அது பிப்ரவரியில் முட்டியில் வைத்துப் பார்த்த கொட்டின் தழும்பு. என்னை நம்பி வைக்க ஆரம்பித்தான்.

ஆறாவதில் உள்ளங்கை அரித்தது. அதைக்கூடச் சொல்லவில்லை. ஏழு. நாக்கு தடித்தது. கண் இருட்டியது. தொடையில் ஊசியைக் குத்தினான். ஆம்புலன்ஸ் வரும்வரை என் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தான். உள் அறையில் மேவ் விழித்துக்கொண்டு, "தூக்கு, தூக்கு." தூக்க யாருமில்லை. கடைசியில் ஆம்புலன்ஸில் வந்த பெண்தான் தூக்கினாள்.

இனி ஒரு கொட்டுகூடக் கூடாதாம். தோட்டத்தில் தற்செயலாகக் கொட்டினாலும் உயிருக்கு ஆபத்து.

மார்ச் 9

கோல்பி பாத்திரம் கழுவும்போது, திரும்பாமல்: "அந்த ஏழு தேனீயையும் வெச்சது என் கை."

நான் செத்திருந்தால் அவன்தான் கொன்றவனாக வாழ்ந்திருப்பான். இதை நான் யோசிக்கவே இல்லை. கட்டிலையும் ஜன்னலையும் மட்டும் யோசித்தேன்.

மார்ச் 11

மீதித் தேனீக்களை எடுத்துப்போக டார்லீன் வந்தாள். "உன் முகத்துல முழிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். சாயங்காலம் சூப் கொண்டாரேன். கோபத்தோடதான் கொண்டாருவேன்."

கொண்டுவந்தாள். கோபத்தோடு. உப்பு அதிகம். முழுவதும் குடித்தேன்.

மார்ச் 29

வலி அப்படியே.

ஏப்ரல் 18

கிராதியைக் கழற்றச் சொன்னேன்.

"நிச்சயமாவா? வீடு முழுக்க நடப்பா."

"நடக்கட்டும்."

நான்கு திருகாணி. ஐந்து நிமிட வேலை. மூன்று மாதம் அதற்குத்தான் மாட்டேன் என்றிருக்கிறேன்.

ஏப்ரல் 19

விடியும்போது மரத்தரையில் சின்னப் பாதங்களின் சத்தம். வந்து நின்றாள். கை நீட்டவில்லை. ஒரு காலை மெத்தைமேல் போட்டு, போர்வையைப் பிடித்து, மூச்சு வாங்க ஏறினாள்.

"மம்மா, தள்ளு."

தள்ளிப் படுத்தேன்.