டெல்பர்ட்டின் பங்கு

பிரான்ஸ், அக்டோபர் 1944

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம். செஞ்சிலுவை வண்டியில் சிப்பாய்களுக்கு டோனட் சுட்டுச் சுட்டுத் தலையெல்லாம் எண்ணெய் வாடை. நம் தெரு டெல்பர்ட் வரும்போதெல்லாம், "எங்கம்மா சுடுறதுல பாதிகூட வராதுக்கா" என்பான்.

நேற்று அவன் படைப்பிரிவு சண்டையிலிருந்து திரும்பியது. வழக்கம்போல, போனவர்கள் எல்லோருக்கும் சுட்டிருந்தோம். நிறைய மிஞ்சிவிட்டது. "இன்னொண்ணு எடுத்துக்கப்பா" என்று ஒருவனிடம் நீட்டினேன். "வேண்டாங்க்கா, அது டெல்பர்ட்டோடது" என்றான். சிப்பாய்கள் முன்னால் நாங்கள் அழக்கூடாது என்பது விதி. சிரித்தபடியே அடுத்தவனுக்குக் காபி ஊற்றினேன்.

உதட்டுச்சாயம் தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். நம் ஊர் நூலகக் கமிட்டிக் கூட்டத்துக்கு அவன் அம்மா வராவிட்டால், நீங்களே போய் அழைத்து வந்து, அங்கே காலியாக இருக்கும் என் நாற்காலியில் உட்கார வையுங்கள். அவன் என் டோனட்டைக் கேலி செய்ததைச் சொல்லுங்கள். தட்டில் மிஞ்சியதைச் சொல்ல வேண்டாம்.

வண்டி கிளம்புகிறது.

உங்கள் ஆர்டிஸ்