ஏரிக்குள் டவர்

ராசிபுரத்தில் இருக்கும் என் மனைவி செல்லியம்மாளுக்கு, ஓமலூர் லைன் முகாமில் காவல் இருக்கும் மாதையன் தன் கையாலேயே எழுதுவது. நலம், உன் மூட்டுவலி எப்படி?

முப்பது வருடம் மின்சார லைன் போட்ட பெரிய எஞ்சினியர், கோடையில் ஜீப்பிலிருந்து இறங்காமலே வறண்ட ஏரியில் டவருக்கு முளை அடிக்கச் சொன்னார். "இது ஏரிங்க சாமி" என்றேன். "தண்ணி எங்கய்யா?" என்று சிரித்தார். முந்தாநாள் மழையில் ஏரி நிறைந்து, டவருக்குத் தோண்டிய குழியும் சிமெண்டும் முழுகின. எனக்கு முழங்கால்தான் நனைந்தது.

நேற்று தாளை நீட்டி, "ரேகை வைய்யா" என்றார். எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'காவலாளி தூங்கியதால் சேதம்.' அத்தனை படிப்புக்கு இவ்வளவுதான் புத்தி! அதை அடித்து, 'ஏரி என்று அன்றே சொன்னேன், மாதையன்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"வேலையை விட்டுப் போய்யா!"

"அதையும் எழுதிக் குடுங்க சாமி, படிச்சுப் பாக்கறேன்."

இன்னும் எழுதித் தரவில்லை, அதுவரை இங்கேதான் காவல்; கம்பளியும் பருப்புப்பொடியும் கொடுத்தனுப்பு. தனியாகச் சோறு இறங்கவில்லை. ஜீப் சத்தம் கேட்கிறது, பேனாவோடு போகிறேன்.

மாதையன்